பல்பொடி விளம்பரத்தில் ஒரு கல்யாணம்

தென்னூர் லூர்துவைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழாது. ஆட்டோக்காரர் சுற்று வழியில் வண்டியை விட்டால் நடுரோட்டில் நிறுத்தி நியாயம் கேட்பாள். கொல்லையில் சாரைப்பாம்பு வந்த அன்று மகன் ஸ்டீபன்ராஜ் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டான். துடைப்பத்தோடு போனவள் அவள்தான். அப்பேர்ப்பட்ட மனுஷியை, அறுபத்தெட்டு வயதில், ஒரு பல்பொடி விளம்பரம் குலைநடுங்க வைத்தது என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே. அகப்பட்டுக்கொண்டவள் அவள்தானே, சிரிக்கிறவர்கள் இல்லையே.

மருமகள் லின்சிதான் அந்தச் சேதியைக் கொண்டுவந்தாள். டீச்சர் வேலை பார்க்கும் ஸ்கூலிலிருந்து வந்ததும் வராததுமாகச் செல்போனை மாமியார் முகத்துக்கு நேரே நீட்டினாள். பவளமல்லி பல்பொடியின் பழைய கார்ட்டூன் விளம்பரப் படம் கிடைத்துவிட்டதாம். கம்பெனியை மூடி எத்தனையோ வருஷமாயிற்று. முதலாளியின் பேரன் வகுளாபரணன், ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதி வீட்டின் பரணில் ஒரு தகரப் பெட்டியைக் கண்டெடுத்து, உள்ளே இருந்த பிலிமைச் சுத்தம் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில் திரையிடுகிறார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. அந்தப் படத்தின் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பெரிதாக அச்சடித்துச் சுவர் முழுக்க வரிசையாக ஒட்டப் போகிறார்கள். யார் வேண்டுமானாலும் கிட்டே போய் நின்று, ஆற அமரப் பார்க்கலாம்.

லின்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த விளம்பரம் திருச்சியில் ஓடிய காலத்தில் தியேட்டர் ஆபரேட்டராக இருந்தவர் என்று மாமனார் இருதயநாதனைத்தான் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாமாவும் சரி என்று சொல்லிவிட்டார். படத்துக்கு வர்ணம் அடித்தது அத்தை, ஓட்டியது மாமா, நம் வீட்டிலேயே இரண்டு பேர் என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். லூர்து “ம்” என்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாளே தவிர அடுப்பை அணைக்கக் கை வரவில்லை.

ஏன் இந்தப் பயம்? அதைச் சொல்ல வேண்டுமானால் கோடம்பாக்கத்து மாடி வீடு ஒன்றுக்குப் போக வேண்டும்.

லூர்துவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சித்தி வீட்டில் தங்கி ஒரு கார்ட்டூன் கம்பெனியில் வேலை பார்த்தாள். தியேட்டரில் படம் தொடங்குமுன் ஓடுமே, சோப்பு, பிஸ்கட், கொசுவர்த்தி என்று, அந்த விளம்பரங்கள் அங்கேதான் உருவாயின. ஒரு நொடிக்கு இருபத்துநாலு படம். தலைமை ஓவியர், மாஸ்டர் என்பார்கள், பென்சிலில் வரைந்து கொடுப்பார். அதைக் கண்ணாடி போன்ற மெல்லிய தாளில் மையால் நகலெடுப்பார்கள். பிறகு தாளைத் திருப்பிப் போட்டு முதுகுப்பக்கம் வர்ணம் பூச வேண்டும். முகத்தைப் பூசிவிட்டுக் கண்ணை வைக்கிற வழக்கம் அங்கே செல்லாது. முதலில் கருவிழி, அப்புறம் வெள்ளை விழி, கடைசியில்தான் முகம். கையில் வெள்ளை உறை மாட்டிக்கொண்டு, தும்மல் வந்தால்கூட எழுந்து வெளியே ஓடிப்போய்த் தும்மிவிட்டு வருவார்கள்.

பவளமல்லி விளம்பரத்தில் ஒரு பூச்சி ராஜா வருவான். பெரிய மீசை, கோணல் கிரீடம். ஒரு பையனின் கடைவாய்ப் பல்லையே சிம்மாசனமாக்கிக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான். மேலேயிருந்து பல்பொடி மழையாகக் கொட்டும். ஒவ்வொரு துளியும் ஒரு சிப்பாய். ராஜா ஓட்டம் பிடிப்பான். அம்மாக்காரி கைக்கண்ணாடியை நீட்டுவாள், அதற்குள் பையனின் பல் பளிச்சென்று மின்னும். ஒரு நிமிஷத்துச் சமாசாரம். அதற்குள் மாஸ்டர் என்னவெல்லாம் செய்திருந்தார்! ராஜா பயப்படுவதைக் காட்டக் கண்ணை உருட்ட விடவில்லை அந்த மனிதர். முகத்தைக் கல்லாக வைத்துவிட்டு மீசையின் நுனியை மட்டும் ஆட விட்டார். பயந்தவன் முகத்தை மறைத்துக்கொள்வான், மீசையை என்ன செய்வான் என்று கேட்பார். அந்த நுனி ஆடுவதற்கு மட்டும் எத்தனையோ தாள்கள். அத்தனைக்கும் வர்ணம் பூசியவள் லூர்து.

பக்கத்து மேசையில் மையால் நகலெடுத்துக்கொண்டிருந்தவன் ஆரிஃப். அவன் இழுத்த கோட்டுக்குள் அவள் வர்ணம் பூசினாள், அவ்வளவுதான் முதலில். அப்புறம் அவ்வளவுதான் என்று சொல்ல முடியாமல் போயிற்று. ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று அவன் சொன்னான். அவள் வீட்டை நினைத்தாள், அப்பாவின் முகத்தை நினைத்தாள், தைரியம் வரவில்லை. திருச்சியில் வரன் பேசி முடித்துவிட்டோம், கிளம்பி வா என்று சேதி வந்தது. கிளம்பினாள்.

கிளம்புகிற அன்று ஒரு காரியம் செய்தாள். அம்மாக்காரி நீட்டும் கைக்கண்ணாடிக்குள் பையனின் சிரிப்பு இருக்க வேண்டிய தாள்களில் ஒன்றை எடுத்தாள். சிரிப்பைப் பூசாமல் வேறு ஒன்றைப் பூசினாள். தலையில் வலைத்துணியும் பூக்கிரீடமுமாக ஒரு பெண். பக்கத்தில் தொப்பியும் மாலையுமாக ஒரு பையன். பெண்ணுக்கு அவள் முகம், பையனுக்கு ஆரிஃப் முகம். கீழே கல்யாணப் பத்திரிகையில் போடுவதுபோல் இரண்டு பேரையும் எழுதினாள். சரிபார்த்து முடித்துக் கேமரா அறைக்குப் போக வேண்டிய அடுக்கில் அதைச் செருகிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். ஆரிஃபுக்குக்கூடச் சொல்லவில்லை. இருபத்துநாலில் ஒரு பங்கு நொடி. எவன் கண்ணுக்கும் படாது. ஆனால் தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் எல்லாம், தினம் நாலு காட்சி, அவளுக்கும் ஆரிஃபுக்கும் கல்யாணம் நடந்துகொண்டே இருக்கும். பைத்தியக்காரத்தனம்தான். அந்த வயதில் அதுகூடச் செய்யாவிட்டால் நெஞ்சு வெடித்திருக்கும்.

மாப்பிள்ளைக்குத் தியேட்டரில் வேலை என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். டிக்கெட் கிழிக்கிறவர் போலிருக்கிறது என்று அவளாக நினைத்துக்கொண்டாள். கல்யாணமான வாரம் இருதயநாதன் அவளைத் தியேட்டருக்குக் கூட்டிப்போய் மெஷின் அறையைக் காட்டினார். அறுந்த பிலிமை ஒட்டுவது எப்படி என்று ஒரு துண்டை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். ஒவ்வொரு படமும் அசையாமல் தெளிவாகத் தெரிந்தது. ஊரே பார்க்காத ஒன்றைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் ஆபரேட்டர். அந்த ஆபரேட்டருக்கே கழுத்தை நீட்டிவிட்டாளே.

பவளமல்லி விளம்பரம் அந்தத் தியேட்டரில் மாதக்கணக்கில் ஓடியது. அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் அவர் முகத்தைப் பார்க்க மாட்டாள், மீசையைப் பார்ப்பாள். இருதயநாதனுக்கு நல்ல அடர்ந்த மீசை. அது ஆடியதாக அவள் கண்டதில்லை. விளம்பரம் நின்றது, பல்பொடிக் கம்பெனியும் மூடிப்போயிற்று. ஸ்டீபன் பிறந்தான், வளர்ந்தான், லின்சி வந்தாள். பயம் எங்கேயோ அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. செத்துப்போயிற்று என்றுதான் நினைத்திருந்தாள்.

இப்போது அது எழுந்து உட்கார்ந்துவிட்டது. சபையில் விருந்தாளியாக நிற்கப்போகிறவர் புருஷன். சுவரில் அவள் பெயரும் இன்னொருத்தன் பெயரும். பங்குக் கோயில் ஆட்கள் வருவார்கள், லின்சியின் ஸ்கூல் டீச்சர்கள் வருவார்கள், எல்லார் கையிலும் செல்போன் இருக்கும். ஊர் சிரித்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். இத்தனை வருஷம் ஒரு சொல் கடிந்து பேசாத மனுஷன், எழுபத்துநாலு வயதில், பத்துப் பேர் நடுவில் தலைகுனிந்து நிற்பதை எப்படிப் பார்ப்பது? அதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

விசித்திரம் என்னவென்றால் அவருக்கும் சோறு இறங்கவில்லை. தட்டில் பாதியை ஒதுக்கினார். கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்பினார். மேடையில் பேச வேண்டுமே என்ற நடுக்கம் மாமாவுக்கு என்று லின்சி கேலி செய்தாள். லூர்துவுக்கு அந்தக் கேலியில் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை, முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினாள். எப்படியாவது அந்த ஒரு படத்தைச் சுவருக்குப் போகவிடாமல் செய்துவிட வேண்டும். என்ன சொல்லிக் கேட்பது என்று தெரியவில்லை. பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது, லூர்து மாதாவே, உன் பேரை வைத்துக்கொண்டு இப்படி ஒரு காரியம் செய்தேனே என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

வகுளாபரணன் ஐம்பது வயது மனிதர். நெற்றியில் பளிச்சென்று திருமண். வர்ணம் பூசிய கை இதுவா என்று இரண்டு கையையும் கூப்பி உபசரித்தார். அச்சடித்த படங்கள் இன்னும் வரவில்லை, பிரஸ்ஸிலிருந்து நேரே மண்டபத்துக்குப் போய்விடும் என்றார். கண்ணாடிக் காட்சி அவ்வளவு சரியாக வரவில்லை, அதை மட்டும் விட்டுவிடலாமே என்று அவள் மென்று விழுங்கிக் கேட்டுப் பார்த்தாள். ஒன்றையும் விடுவதாக இல்லை, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தது, எல்லாமே பொக்கிஷம் என்று அவர் கையை விரித்தார். அந்தக் காலத்தில் எத்தனையோ காப்பி போட்டார்களாம், தேடியதில் இது ஒன்றுதான் அகப்பட்டதாம். எந்தத் தியேட்டரில் ஓடியது என்று பெட்டியில் எழுதியிருக்கவில்லையாம்.

அதைச் சொல்லிவிட்டு, காபி டம்ளரை நீட்டிக்கொண்டே இன்னொன்றையும் சொன்னார்.

“நேத்து சார் வந்திருந்தாரே, ஒங்ககிட்ட சொல்லலையா? அவரும் இதைப் பத்தித்தான் கேட்டார். எந்தத் தியேட்டர் காப்பி, படம் முழுசா இருக்கா, எங்கயாவது வெட்டு இருக்கான்னு. நான் எங்க பார்த்தேன், ஸ்கேன் பண்ணினது மெட்ராஸ்ல. ஆபரேட்டருக்குத்தான் அந்த அக்கறையெல்லாம் வரும்மா.”

டம்ளரை வாங்கியவள் குடிக்காமல் அப்படியே கீழே வைத்தாள். நேற்று அரியமங்கலத்தில் பழைய கூட்டாளி ஒருத்தரைப் பார்க்கப் போவதாகத்தான் சொல்லிவிட்டுப் போனார் இருதயநாதன். பொய். அவள் புருஷன் பொய் சொல்லியிருக்கிறார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு வேறொரு பழைய பொய் நினைவுக்கு வந்தது. ஸ்டீபன் வயிற்றில் இருந்தபோது லீவு நாளில்கூட இருதயநாதன் வீட்டில் தங்கியதில்லை. ஒரு வாரம் லால்குடி, ஒரு வாரம் மணப்பாறை, ஒரு வாரம் முசிறி, கடைசியில் துறையூர். கேட்டால் மாற்று ஆபரேட்டர் வேலை, கூட்டாளிக்கு உதவி என்பார். இவள் வாந்தி எடுத்துக்கொண்டு தனியாகக் கிடப்பாள். வேறு பெண் யாரோ இருக்கிறாள் என்று அப்போது நிச்சயமாக நம்பினாள். வாய்திறந்து கேட்கவில்லை, தன் கையே சுத்தமில்லாதபோது எந்த வாயால் கேட்பது? பிள்ளை பிறந்ததும் அந்தப் போக்குவரத்து தானாக நின்றுவிட்டது. இப்போது மறுபடி ஒரு பொய். மனுஷன் ஏதோ மோப்பம் பிடித்துவிட்டார், அதைத் தேடித்தான் ஸ்ரீரங்கம் வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. அன்று ராத்திரி முழுக்க அவர் புரள்வது இவளுக்குக் கேட்டது, இவள் புரள்வது அவருக்கும் கேட்டிருக்கும்.

ஞாயிறு பூசை முடிந்து எல்லாருமாகப் போனார்கள். மண்டபத்தில் நல்ல கூட்டம். இருதயநாதனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நாலு வார்த்தை பேசினார், அதில் இரண்டு கேட்கவில்லை. பிறகு விளக்கை அணைத்தார்கள்.

பூச்சி ராஜா வந்தான். அவனைப் பார்த்ததும் குழந்தைகள் கூச்சல் போட்டன. எத்தனை வருஷமானால் என்ன, மாஸ்டர் கை மாஸ்டர் கைதான்; ராஜாவின் மீசை நுனி ஆடியபோது மண்டபமே சிரித்தது. லூர்து மட்டும் நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தாள். கைக்கண்ணாடி வந்தது. மின்னியது. போய்விட்டது. அவ்வளவு வேகத்தில் அவள் கண்ணுக்கே ஒன்றும் அகப்படவில்லை. கைதட்டினார்கள். விளக்கைப் போட்டுவிட்டு, சுவரில் இருப்பதை எல்லாரும் பார்க்கலாம் என்று வகுளாபரணன் சொல்லி முடிக்கவில்லை, இருதயநாதன் எழுந்துவிட்டார்.

மற்றவர்கள் வரிசையின் தொடக்கத்துக்குப் போனார்கள். அவர் போகவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பொன்னாடை தோளிலிருந்து நழுவுவதுகூடத் தெரியாமல், நேரே கடைசிச் சுவருக்குப் போனார். அங்கேதான் கண்ணாடிக் காட்சி இருந்தது. ஒரு படத்தின் முன்னால் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார்.

லூர்துவின் உயிர் அங்கேயே பாதி போய்விட்டது. எல்லாம் முடிந்தது. இனி ஓடி ஒளிய இடமில்லை. ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து நடந்துபோய் அவர் பக்கத்தில் நின்றாள். நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள்.

கண்ணாடிக்குள் பையன் சிரித்தான். அடுத்த படத்திலும் சிரித்தான். அதற்கடுத்ததிலும் சிரித்தான். கிரீடம் இல்லை, தொப்பி இல்லை, பேர் இல்லை. இரண்டு சிரிப்புக்கு நடுவே, படத்தின் ஓரத்தில் மெல்லிய பட்டையாக ஓர் ஒட்டு மட்டும் தெரிந்தது.

பின்னாலேயே வந்த வகுளாபரணன், இந்த இடத்தில் ஒரு ஒட்டு இருக்கிறது, அந்த நாளில் அறுந்திருக்கும் போலிருக்கிறது என்றார். ஆமாம், அறுந்திருக்கும் என்றார் இருதயநாதன். குரல் பிசிறியது. வேறு யாரோ கூப்பிட, வகுளாபரணன் நகர்ந்துவிட்டார்.

லூர்து அந்தத் தாள்களைத் தன் கையால் பூசியவள். பையனின் உதடு எவ்வளவு விரிந்து அடுத்து எவ்வளவு விரியும் என்பது அவளுக்குத் தெரியும். தானாக அறுந்த பிலிம் தாறுமாறாகக் கிழியும். நாலைந்து படமாவது வீணாகும். இங்கே நடுவில் ஒன்றே ஒன்றுதான் இல்லை. யாரோ பார்த்து, அந்த ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறார்கள். மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். முகம் கல்லாக இருந்தது. நரைத்த மீசையின் நுனி ஆடிக்கொண்டிருந்தது.

லின்சியும் ஸ்டீபனும் இன்னும் பார்த்துக்கொண்டிருக்க, இருவரும் முன்னால் வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். பிறகு அவரே ரோட்டைப் பார்த்தபடி சொன்னார். ஸ்டீபன் அவள் வயிற்றில் இருந்தபோது ஒரு பகல் காட்சியில் பிலிம் சரியாக அந்த இடத்தில் அறுந்ததாம். ஒட்டுவதற்காக விளக்கில் பிடித்தாராம்.

“உன் முகம் இருந்துச்சு. உன் பேரும் இருந்துச்சு. நம்ம தியேட்டர் காப்பில அன்னைக்கே வெட்டிட்டேன். ஆனா சுத்துப்பட்டு ஊர் காப்பி இருக்கே. அங்க இருக்கறவனும் ஆபரேட்டர்தானே, எல்லாம் நம்ம யூனியன் ஆளுங்க, கல்யாணத்துக்கு வந்து உன்னைப் பார்த்தவனுங்க. எவனாச்சும் ஒருத்தன் பார்த்துட்டு டீக்கடையில உன் பேரை எடுத்தா என்ன செய்யறது?”

லால்குடி, மணப்பாறை, முசிறி. லீவு நாளெல்லாம் அவர் போனது அதற்குத்தான். கூட்டாளிக்கு ஒத்தாசை என்று மெஷின் அறையில் புகுந்து, ஊர் ஊராக அந்த ஒரு படத்தை வெட்டி எடுத்திருக்கிறார். துறையூருக்குப் போனபோது பெட்டியை வேறு எங்கோ அனுப்பிவிட்டார்களாம். அது எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியவில்லையாம். ஸ்ரீரங்கத்தில் கிடைத்தது அந்தத் துறையூர்க் காப்பியாக இருந்துவிட்டால் என்று இத்தனை நாளும் தூக்கம் இல்லையாம்.

லூர்துவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. இத்தனை வருஷம் ஒரே கட்டிலில், ஒரே படத்துக்கு, இவள் ஒரு பக்கம் அவர் ஒரு பக்கம் பயந்து செத்திருக்கிறார்கள்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்க” என்றாள்.

“கேட்டா நீ சொல்லிடுவியே” என்றார் அவர்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இப்ப கேளுங்க.”

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது. இருதயநாதன் கேட்கவில்லை. மீசை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.